பிரீ-மெட் என்று ஒரு படிப்பு இல்லை

"பையன் பிரீ-மெட் சேர்ந்துட்டான் அக்கா. நாலு வருஷத்துல டாக்டர் ஆயிடுவான்ல?"

நியூஜெர்சியிலும் டாலஸிலும் ஆகஸ்ட் மாதம் பிள்ளையைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வரும் அம்மாக்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேட்பதில் தப்பில்லை. பிளஸ் டூ, நீட், 720க்கு எத்தனை, எந்தக் கல்லூரி, ஐந்தரை வருடத்தில் எம்.பி.பி.எஸ். என்று ஒரே கோட்டில் பார்த்துப் பழகியவர்களுக்கு அமெரிக்காவின் வழி கோணல்மாணலாகத்தான் தெரியும். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

இங்கே மருத்துவக் கல்லூரி பட்டப்படிப்புக்குப் பிறகுதான் வருகிறது. நான்கு வருடம் சாதாரணக் கல்லூரி, அடுத்த நான்கு வருடம் மருத்துவக் கல்லூரி, அதற்கப்புறம் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி. குடும்ப மருத்துவம் என்றால் ரெசிடென்சி 3 ஆண்டு, மூளை நரம்பு அறுவைச் சிகிச்சை என்றால் 7 ஆண்டு. எங்கும் நிற்காமல் ஓடினாலும் தன் பொறுப்பில் நோயாளியைப் பார்க்க 29 வயதாகிவிடும். முதல் நான்கு வருடத்தில் பையன் வேறு ஏதோ ஒரு பட்டம்தான் படிக்கிறான். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று மனதில் வைத்துக்கொண்டு படிக்கிறான், அவ்வளவுதான். நம் ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி நேரத்தில் முடிவாகிற விஷயம் இங்கே மூன்று, நான்கு வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக முடிவாகிறது. இதைப் பெற்றோர் மனதில் வாங்கிக்கொண்டால் பாதிப் பதற்றம் குறையும் என்பது என் அனுபவம்.

ஏன் இப்படி வைத்தார்கள்? 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மருத்துவக் கல்லூரிகளில் பல, சில டாக்டர்கள் சேர்ந்து லாபத்துக்கு நடத்தியவை. கட்டணம் கட்டினால் இடம். பள்ளிப் படிப்பை முடித்திருக்கக்கூட வேண்டியதில்லை. 1893இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி திறந்தபோதுதான் பட்டம் முடித்தவர்களையே சேர்ப்போம் என்ற கண்டிப்பு வந்தது. பள்ளியைத் திறக்கப் பணம் போதாமல் நின்றபோது மேரி காரெட் என்ற செல்வந்தப் பெண்மணி பெருந்தொகை கொடுத்தார். அதற்கு அவர் போட்ட நிபந்தனைகளில் இரண்டு முக்கியமானவை. பெண்களை ஆண்களுக்குச் சமமாகச் சேர்க்க வேண்டும். சேர்க்கைத் தகுதி உயர்வாக இருக்க வேண்டும். பின்னர் ஏபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் என்ற கல்வியாளர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பார்வையிட்டு 1910இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். மருத்துவத்துக்கு முன்னால் குறைந்தது இரண்டு வருடமாவது கல்லூரியில் அறிவியல் படித்திருக்க வேண்டும் என்றார். அதன்பின் ஏராளமான பள்ளிகள் மூடின. கறுப்பின மாணவர்களுக்கென்று அன்றிருந்த ஏழில் ஐந்து மூடி, ஹாவர்டும் மெஹாரியும் மட்டும் மிஞ்சின. தரம் உயர்ந்தது, வாசல் சிலருக்குக் குறுகியது. அந்த இரண்டின் விளைவும் இன்றுவரை தொடர்கிறது.

சரி, பிள்ளை என்ன மேஜர் எடுக்க வேண்டும்? எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். வரலாறு எடுக்கலாம், இசை எடுக்கலாம், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலாம். பயாலஜி எடுத்தால்தான் உண்டு என்பது நம்மிடையே ஊறிப்போன நம்பிக்கை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் எந்த மேஜர் எடுத்தாலும் சில பாடங்களைக் கூடவே முடித்திருக்க வேண்டும். உயிரியல், பொது வேதியியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல் ஆகியவை பெரும்பாலும் லேபுடன் ஒவ்வொரு வருடம். ஒரு செமஸ்டர் பயோகெமிஸ்ட்ரி. கொஞ்சம் புள்ளியியல், ஆங்கிலம், உளவியல், சமூகவியல். கல்லூரிக்குக் கல்லூரி இந்தப் பட்டியல் கொஞ்சம் மாறும். இதில் கவனிக்க வேண்டியது வரிசை. பொது வேதியியல் முடிக்காமல் ஆர்கானிக்கில் உட்கார முடியாது, ஆர்கானிக் முடிக்காமல் பயோகெமிஸ்ட்ரி கிடைக்காது. முதல் செமஸ்டரில் வேதியியலைத் தள்ளிப்போட்டால் பின்னால் எல்லாமே ஒரு வருடம் நகர்ந்துவிடும். பள்ளியிலேயே கல்லூரி நிலை ஏபி தேர்வில் 5 வாங்கிவிட்டதால் இதெல்லாம் வேண்டாம் என்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. அந்த கிரெடிட்டைச் சில மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை, அல்லது அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்று எடுத்துக் காட்டச் சொல்கின்றன. கல்லூரியில் கால் வைக்கும் முன்பே கேட்டுத் தெளிய வேண்டிய விஷயம் இது.

முதலாண்டு வேதியியல் லேபில் மாணவர்களோடு நிற்பது என் வேலை. அதனால் அக்டோபர் மாதத்தை நன்றாக அறிவேன். பள்ளியில் முதலாகவே வந்த பிள்ளை, முதல் மிட்டெர்மில் 62 வாங்கிவிட்டு யாரிடமும் சொல்லாமல் லேப் மேஜை ஓரத்தில் நின்று பியூரெட்டை மூன்றாம் தடவை கழுவிக்கொண்டிருப்பாள். பேராசிரியரின் ஆபீஸ் அவர்ஸ் அடுத்த கட்டடத்தில், செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு, கதவு திறந்தே இருக்கிறது. போகமாட்டாள். தெரியாது என்று வாத்தியாரிடம் போய் நிற்பது மரியாதைக் குறைவு என்று வீட்டில் யாரோ எப்போதோ பழக்கியிருக்கிறார்கள். இங்கே நிலைமை தலைகீழ். போய் உட்கார்ந்து கேட்பவளைத்தான் பேராசிரியருக்குத் தெரியும். இரண்டு வருடம் கழித்துப் பரிந்துரைக் கடிதம் வேண்டும்போது, முந்நூறு பேர் வகுப்பில் முகமே தெரியாத ஒருத்திக்கு அவர் என்ன எழுத முடியும்? "ஏ கிரேடு வாங்கினாள்" என்று எழுதலாம். அது மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது. ஆகவே பிள்ளையிடம் "எவ்வளவு மார்க்?" என்று கேட்பதோடு "இந்த வாரம் யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்டாய்?" என்றும் கேளுங்கள்.

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு விவரம். நம் ஊர் எம்.பி.பி.எஸ்.ஸின் இடத்தில் இங்கே இருப்பது எம்.டி. அந்தப் படிப்புக்கான பொது விண்ணப்பத்தை ஆம்காஸ் என்பார்கள். அதில் கல்லூரி போட்டுக்கொடுத்த ஜிபிஏவை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அவர்களே புதிதாகக் கணக்கிடுவார்கள். பள்ளியில் இருந்தபோது கம்யூனிட்டி காலேஜில் எடுத்த பாடம், கோடை விடுமுறையில் வேறு கல்லூரியில் எடுத்த பாடம் என்று எல்லாம் உள்ளே வரும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் தனியாக ஒரு சராசரி உண்டு. சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினால் பழைய சி அழியாது, இரண்டும் கணக்கில் நிற்கும். எம்.டி. அல்லாத இன்னொரு வகையான ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகள் ஒரு காலத்தில் புது மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டன. 2017இல் அதுவும் போயிற்று. எனவே முதல் செமஸ்டரிலேயே ஐந்து கடினமான பாடங்களை அள்ளிப்போட்டுக்கொள்வது வீரமில்லை. ஒன்று, இரண்டு அறிவியல் பாடம் போதும். சறுக்கிவிட்டால் நடுக்கடலில் கவிழ்ந்ததாக அழ வேண்டாம். முதல் வருடம் தடுமாறி, பின் இரண்டு வருடம் சீராக ஏறிய வரைபடத்தைத் தேர்வுக் குழு மதிப்போடுதான் பார்க்கும்.

அடுத்தது மருத்துவக் கல்லூரி நுழைவுக்கான எம்கேட் தேர்வு. இடைவேளை சேர்த்தால் ஏழரை மணி நேரம், 230 கேள்விகள். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 118 முதல் 132 வரை, ஆக 472இலிருந்து 528. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களின் சராசரி சமீப ஆண்டுகளில் 511, 512 என்று நிற்கிறது. மூன்று பகுதிகள் அறிவியலும் உளவியல்-சமூகவியலும். அவற்றுக்குப் படித்துத் தயாராகலாம். நான்காவதான கார்ஸ் வேறு ஜாதி. தத்துவம், கலை, வரலாறு என்று ஒன்பது பத்திகள் கொடுத்து 90 நிமிடத்தில் 53 கேள்விகள் கேட்பார்கள். வெளியறிவு எதுவும் தேவையில்லை, பத்தியை ஒழுங்காகப் படித்தால் போதும். அந்த ஒழுங்கான படிப்புதான் மூன்று மாதக் கோச்சிங்கில் வருவதில்லை. முதலாண்டிலிருந்தே நீண்ட கட்டுரைகளையும் நாவல்களையும் படிக்கும் பிள்ளைக்கு அது தானாக வரும். கதைப் புத்தகம் படித்து நேரத்தை வீணாக்குகிறாள் என்று யாராவது குறைபட்டால் நான் கோபித்துக்கொள்வேன். இன்னொன்று: "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும்" என்ற பேச்சே வேண்டாம். வாழ்நாளில் ஏழு தடவைதான் எழுதலாம். எழுதிய ஒவ்வொன்றின் மதிப்பெண்ணும் கல்லூரிகளின் கண்ணில் படும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியமானது. மதிப்பெண் எல்லாம் சரியாக இருந்தும் எங்கும் இடம் கிடைக்காத பிள்ளைகள் வருடா வருடம் உண்டு. பல நேரம் காரணம் ஒன்றே. நோயாளிகளின் பக்கத்தில் அவர்கள் இருந்ததே இல்லை. டாக்டர் பின்னால் நின்று பார்ப்பதை ஷேடோயிங் என்பார்கள். அது வேண்டும், ஆனால் ஐம்பது மணி நேரம் நின்றாலும் நீங்கள் பார்வையாளர்தான். நோயாளிக்கு ஏதோ ஒன்று செய்கிற இடத்தில் இருக்க வேண்டும். அவசர ஊர்தியில் இ.எம்.டி. வேலை, மருத்துவமனையில் டாக்டர் சொல்வதைக் கணினியில் பதிவு செய்யும் ஸ்க்ரைப் வேலை, நர்சிங் உதவியாளர் வேலை என்று பல இருக்கின்றன. நான் அடிக்கடி சொல்வது ஹாஸ்பிஸ். இறுதி நாட்களில் இருப்போரைப் பராமரிக்கும் அமைப்புகள் அவை. அரசின் முதியோர் காப்பீடான மெடிகேரிடம் பணம் பெறும் ஹாஸ்பிஸ்களில் நோயாளிப் பராமரிப்பு நேரத்தில் 5 சதவீதத்துக்குச் சமமாகவாவது தன்னார்வலர்கள் உழைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால் அவர்களுக்கு எப்போதும் ஆள் தேவை, பயிற்சியும் தருவார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி ஞாயிறுதோறும் ஒரு முதியவரோடு உட்கார்ந்திருந்தாள். விண்ணப்பத்தில் பெரும்பாலான அனுபவங்களுக்கு ஆளுக்கு 700 கேரக்டர்தான் இடம். மொத்தம் 15 அனுபவம் எழுதலாம். முதல் வரைவில் "பரிவைக் கற்றுக்கொண்டேன், தலைமைப் பண்பு வளர்ந்தது" என்று எழுதிக்கொண்டு வந்தாள். அங்கே என்னதான் செய்வாய் என்று கேட்டேன். பேஸ்பால் ஸ்கோரைச் சத்தமாகப் படிப்பேன் என்றாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். அவர் தண்ணீர் கேட்பாராம். சாதாரணத் தண்ணீர் புரையேறும் என்பதால் இவள் தன்னிஷ்டத்துக்குக் கொடுக்கக்கூடாது. நர்ஸைக் கூப்பிட வேண்டும், நர்ஸ் பொடி கலந்து கஞ்சிப் பதத்துக்குக் கெட்டியாக்கிக் கரண்டியில் கொடுப்பார். நர்ஸ் வரும்வரை அந்த நாலைந்து நிமிடம் அவர் இவளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். இவளும் எங்கும் நகராமல், இதோ வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். "அதை எழுது" என்றேன். "இதுல நான் ஒண்ணுமே செய்யலையே மேடம்" என்றாள். செய்யக்கூடாததைச் செய்யாமல், விட்டுப் போகாமலும் இருந்தாளே, இருபது வயதில் அது பெரிய காரியம். அப்படியே எழுதினாள். இதற்காகத்தான் பிள்ளைகளை ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். தேதி, எத்தனை மணி நேரம், என்ன நடந்தது என்று நாலு வரி போதும். நோயாளியின் பெயரை மட்டும் எழுதக்கூடாது. மூன்று வருடம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதினால் பரிவு, தலைமைப் பண்பு என்ற சொற்கள்தான் மிஞ்சும்.

கோடையில் ஊருக்குப் போகும்போது மதுரையில் மாமா மருத்துவமனையில் "கொஞ்சம் கத்துக்கட்டும்" என்று அனுப்புகிறவர்கள் உண்டு. போகட்டும், பார்க்கட்டும், மாமாவோடு ரவுண்ட்ஸ் சுற்றட்டும். ஊசி போட்டேன், தையல் போட உதவினேன் என்று மட்டும் வரக்கூடாது. பயிற்சி இல்லாதவர் நோயாளியின் உடம்பில் கைவைப்பதை இங்குள்ள தேர்வுக் குழு சாதனையாக எடுத்துக்கொள்ளாது, ஒழுக்கக் குறைவாகவே பார்க்கும். அதுதான் சரியும்கூட. நம் ஊர் ஏழை நோயாளி யாருடைய விண்ணப்பத்துக்கும் பயிற்சிப் பொருள் அல்ல.

விண்ணப்பம் மே மாதம் திறக்கும், ஜூன் வாக்கில் அனுப்பலாம். ஏன் மருத்துவம் என்று 5,300 கேரக்டரில் ஒரு கட்டுரை, பரிந்துரைக் கடிதங்கள், பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக அனுப்பும் இரண்டாம் கட்டக் கேள்விகள், இலையுதிர்காலம் தொடங்கி வசந்தம் வரை இன்டர்வியூக்கள். சேர்வது அடுத்த வருடக் கோடை முடிவில். பல கல்லூரிகள் வரவர இடங்களை நிரப்பிக்கொண்டே போவதால் கடைசித் தேதிவரை காத்திருப்பவர்களுக்கு நஷ்டம். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்காம் ஆண்டு முடிந்த கையோடு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய வேண்டுமென்றால் மூன்றாம் ஆண்டு முடிவில் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். பாடங்கள், எம்கேட், நூற்றுக்கணக்கான மணி நேர அனுபவம், கடிதங்கள் எல்லாம் மூன்றே வருடத்தில். சிலரால் முடிகிறது. இன்று சேருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பட்டம் முடித்து ஒரு வருடமாவது கழித்துத்தான் வருகிறார்கள். நம் வீடுகளில் அந்த ஒரு வருடத்தைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு, ஊரில் கேட்டால் என்ன சொல்வது என்று தவிக்கிறார்கள். என்னைக் கேட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த வருடம் நல்லது. அரைகுறையாக 20 வயதில் விண்ணப்பித்துத் தோற்று, மறுபடி விண்ணப்பிப்பதைவிட எவ்வளவோ மேல்.

போட்டியும் லேசானதல்ல. ஆண்டுக்கு 50,000 பேருக்கு மேல் எம்.டி. படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள், சேருகிறவர்கள் 23,000 அளவில். எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். டெக்சாஸின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் 90 சதவீத இடம் அந்த மாநிலத்தாருக்கே. அங்கே விண்ணப்பமும் தனி, டிஎம்டிஎஸ்ஏஎஸ் என்ற முறையில்.

குடியுரிமை விஷயத்தைப் பெற்றோர் பிள்ளையிடம் பேசத் தயங்குகிறார்கள். பேசியே ஆக வேண்டும். அப்பா எச்-1பி வேலை விசா, கிரீன் கார்டு வரிசையில் பல வருடமாக நிற்கிறார், பிள்ளை அவரைச் சார்ந்த எச்-4 விசா என்றால், 21 வயதில் அப்பாவின் அந்த நிழல் விலகிவிடும். பெரும்பாலோர் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுவார்கள். நான்கு வயதில் இந்த நாட்டுக்கு வந்து இங்கேயே படித்து வளர்ந்த பிள்ளை, மருத்துவக் கல்லூரியின் பார்வையில் அப்போது வெளிநாட்டு மாணவன். பல அரசுக் கல்லூரிகள் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே எடுக்கும். எடுக்கிற தனியார் கல்லூரிகளிலும் சில, கட்டணத்துக்கான பணம் கையில் இருப்பதை முன்கூட்டியே காட்டச் சொல்லும். மத்திய அரசுக் கல்விக் கடன் கிடையாது. எச்-4இல் இருக்கும் பிள்ளை சம்பளத்துக்கு வேலை பார்க்கவும் முடியாது. நான் மேலே சொன்ன ஸ்க்ரைப் வேலை அவனுக்கு இல்லை, ஹாஸ்பிஸ் தன்னார்வப் பணி உண்டு. இதை மூன்றாம் ஆண்டில் திடீரென்று தெரிந்துகொண்டு உடைந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முதலாண்டிலேயே சொல்லிவிட்டால், வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் கல்லூரிகளின் பட்டியலை அவனே தயாரிப்பான். ஒரு குடிவரவு வழக்கறிஞரையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

கடன் கிடைப்பவர்களுக்கும் 2026 ஜூலை 1 முதல் விதி மாறுகிறது. செலவு முழுவதற்கும் கொடுத்துவந்த கிராட் பிளஸ் கடன் புதிதாக வாங்குவோருக்கு இல்லை. தொழிற்கல்வி மாணவர்களுக்கு வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று மத்தியக் கடனுக்கு உச்சவரம்பு. பல கல்லூரிகளின் நான்கு வருடச் செலவு இதைத் தாண்டும். ஆகவே சொந்த மாநில அரசுக் கல்லூரியைப் பெயர் பெரிதில்லை என்று ஒதுக்காதீர்கள். எம்கேட்டுக்கும் விண்ணப்பத்துக்கும் பணம் கட்டச் சிரமப்படும் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகைத் திட்டம் ஒன்று இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

டி.ஓ. என்று பட்டம் தரும் ஆஸ்டியோபதி கல்லூரிகளை இரண்டாம் தரம் என்று நினைப்பவர்களுக்கு: அவர்களும் 50 மாநிலங்களிலும் முழு மருத்துவர்கள்தான். 2020இலிருந்து ரெசிடென்சிகளுக்கான அங்கீகார முறையும் இரு தரப்புக்கும் ஒன்றாகிவிட்டது. பல் மருத்துவத்துக்கு டேட் தேர்வு, கண் பரிசோதனைத் துறையான ஆப்டோமெட்ரிக்கு ஓஏடி. மருந்தியலுக்கு இருந்த பிகேட்டை 2024 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்கு நோயாளிகளோடு வேலை பார்த்த மணி நேரம் மிக அதிகமாகக் கேட்பார்கள். இவை ஒவ்வொன்றும் தனித் தொழில். எம்.டி. கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இவற்றைக் கடைசியில் தொடுகிற பிள்ளை இன்டர்வியூவில் தடுமாறுவான். இரண்டாம் ஆண்டிலேயே ஒரு பல் மருத்துவரிடமும் ஒரு ஃபிசிஷியன் அசிஸ்டென்டிடமும் ஒரு நாள் நின்று பார்க்கச் சொல்லுங்கள். மனம் அங்கே தங்கினால் தங்கட்டும்.

பிள்ளை இப்போது முதலாண்டில் இருந்தால் இந்த வாரம் செய்ய வேண்டியது, கல்லூரியின் ப்ரீ-ஹெல்த் ஆலோசகரிடம் ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்குவது. பிள்ளையே போகட்டும், நீங்கள் கூடப் போக வேண்டாம், அவர்கள் விரும்பமாட்டார்கள். எந்த வரிசையில் வேதியியல் எடுப்பது, ஏபி கிரெடிட்டை என்ன செய்வது என்று கேட்டுவிட்டு, இந்தக் கல்லூரி தன் மாணவர்களுக்குக் குழுவாகப் பரிந்துரைக்கும் கமிட்டி கடிதம் எழுதிக்கொடுக்குமா, அதற்கான படிவத்தை மூன்றாம் ஆண்டில் எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டு, அந்தத் தேதியை எழுதிக்கொண்டு வரட்டும்.